ஐந்து நிமிடம் பிந்திய மணிக்கூடு

மகன்,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் நீ ஒரு கேள்வி கேட்டாய். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. நீ ஆசையாகக் கொண்டுவந்து காட்டிய அந்தப் பிரெஞ்சு ரயில் நிலையத்தின் சிறுபுத்தகத்தைப் பறித்து இரண்டாகக் கிழித்தேன். ஐம்பதை எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு தகப்பன், தன்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட பிள்ளைக்கு முன்னால் செய்கிற வேலை அல்ல அது. நீ கையைக் கழுவிவிட்டு மேலே போய்விட்டாய். இன்றைக்குச் செவ்வாய். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, நான் ஓட்டுகிற பஸ்ஸை மோர்னிங்சைட் பிளாசாவின் பின்பக்கத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கின் மேல் கடதாசியை வைத்து எழுதுகிறேன். இரண்டரை மணிவரைக்கும் எனக்கு வேலை இல்லை. கையெழுத்து ஆடினால் என்ஜினைக் குறை சொல்லாதே, அது நிற்பாட்டித்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நீ விமானம் ஏறுகிறாய். அதற்குள் இதை முடித்து உன் கையில் தரவேண்டும். வாயால் சொல்லலாமே என்று கேட்பாய். பதினொரு வருடமாக வாயால் சொல்லப் பார்த்து முடியாமல்தான் இப்போது பேனையை எடுத்திருக்கிறேன்.

அந்தப் புத்தகத்தில் இருந்தவை எல்லாம் எனக்கு மனப்பாடம். நீதான் ஒவ்வொரு பக்கமாகப் பிரெஞ்சில் படித்து, பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் எங்களுக்கு விளங்கப்படுத்தினாய். நிலையத்தைக் கட்டி நூறு வருடத்துக்கு மேலாகிறது. நடுவில் நிலைய அதிபரும் குடும்பமும் வாழ்ந்த மாடி வீடு, இரண்டு பக்கமும் தாழ்ந்த கூரையோடு காத்திருக்கும் அறைகள், ஒன்று வசதியானவர்களுக்கு, மற்றது மூன்றாம் வகுப்புக்காரருக்கு. கூரை விளிம்பெல்லாம் மரத்தில் அறுத்த பூவேலை. நீராவி என்ஜின்களுக்குத் தண்ணீர் கொடுத்த உயரமான தொட்டி. இரண்டு உலகப் போருக்கும் அந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த மேடையில் நின்றுதான் ரயில் ஏறினார்களாம். திரும்பி வராதவர்களின் பெயர்களைச் சுவரில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்களாம். பிறகு அந்தப் பாதையில் ரயில் ஓட்டம் நின்றுபோய், கட்டடத்தை இடிக்க ஆள் வந்தபோது ஊர்ச்சனம் மறித்து நின்றதாகச் சொன்னாய். அதைத் திருத்தி எடுக்க இந்தக் கோடையில் உன் பல்கலைக்கழகத்தில் இருந்து ஐந்து பேர் போகிறீர்கள். பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிற படிப்பைப் படிக்கிறான் என் மகன் என்று நாங்கள் இருக்கிற மில்லிக்கனில் நான் சொல்லாத ஆள் இல்லை. உனக்கு மட்டும் சொன்னதில்லை.

உனக்குத் தந்த பட்டியலில் எத்தனையோ இடங்கள் இருக்க, அந்தச் சின்ன நிலையத்தை நீ ஏன் தெரிவுசெய்தாய் என்பதும் எனக்குத் தெரியும். அதன் பெயரைச் சொன்னாலே எங்கள் வீட்டில் சிரிப்பு வரும். உன் ராசன் மாமா, அம்மாவின் ஒரே தம்பி, கனடாவுக்கு வரவேண்டியவன், அந்த நிலையத்தில் மணிக்கூடு பிழையாக ஓடியதால் ரயிலைத் தவறவிட்டு, பொலிஸில் பிடிபட்டு, பிரான்சிலேயே தங்கிவிட்டான். கூட வந்த நான் ரயில் ஏறித் தப்பி வந்தேன். இதுதான் நீ பத்து வயதில் இருந்து கேட்டு வளர்ந்த கதை. நீ அவனை இன்றைக்கும் 'ஐந்து நிமிட மாமா' என்றுதான் கூப்பிடுகிறாய். அந்தப் பெயரை வைத்தவன் நான்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த மணிக்கூடு இருந்தது. பழைய காலத்தில் பிரெஞ்சு ரயில் நிலையங்களில் வெளிச்சுவரில் இருக்கும் மணிக்கூடு சரியான நேரத்தைக் காட்டும், உள்ளே இருப்பது ஐந்து நிமிடம் பிந்தி ஓடும், ரயில்கள் உள்மணிக்கூட்டின்படிதான் புறப்படும், ஓடி வருகிற பயணிக்கு ஐந்து நிமிடம் இரக்கம் காட்டுகிற ஏற்பாடு அது என்று நீ படித்தாய். பிறகு நாடு முழுக்க அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள். இந்த நிலையத்தின் அதிபர் மட்டும் உள்மணிக்கூட்டில் கைவைக்க மாட்டேன் என்றாராம். ரயில்கள் சரியான நேரத்துக்கு ஓடத் தொடங்கியபோதும் காத்திருக்கும் அறையின் மணிக்கூடு ஐந்து நிமிடம் பின்னாலேயே நின்றது. அவருக்குப் பின் வந்தவர்களும் மரியாதைக்காக அப்படியே விட்டார்கள். ஊர்க்காரர் எவரும் அதைப் பார்த்து ரயில் பிடித்ததில்லை, அவர்களுக்கு விசயம் தெரியும்.

அம்மா சோற்றுக் கையோடு எழும்பி வந்து உன் தோளுக்கு மேலால் படத்தைப் பார்த்தாள். "இஞ்சாருங்கோ, இதுதானே அந்த மணிக்கூடு? என்ரை தம்பியை ஏமாத்தினது இதுதானே? பாருங்கோ, புத்தகத்திலையும் எழுதியிருக்கு," என்றாள். அவளுக்கு ஏதோ வழக்கில் வென்றதுபோல ஒரு சந்தோஷம். தம்பி முட்டாள் இல்லை, மணிக்கூடுதான் பிழை என்பதற்கு அச்சில் ஆதாரம் கிடைத்துவிட்டது. அப்போதுதான் நீ தலையை நிமிர்த்திக் கேட்டாய். "அப்பா, வெயிற். நீங்கள் ரெண்டு பேரும் சேம் ஸ்ரேசனிலைதானே நிண்டனீங்கள்? சேம் கிளொக். அப்ப மாமா மிஸ் பண்ணின ட்ரெயினை நீங்கள் எப்பிடிப் பிடிச்சனீங்கள்?"

நீ குத்திக் கேட்கவில்லை. ஒரு சுவரில் வெடிப்பைக் கண்டால் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பாயே, அப்படித்தான் கேட்டாய். ஆனால் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். நான் புத்தகத்தைக் கிழித்த சத்தத்துக்குப் பிறகு அம்மா என்னைப் பார்த்த பார்வையை நீ காணவில்லை. அன்று பின்னேரம் இரண்டு துண்டையும் எடுத்து ஒட்டுநாடா போட்டு ஒட்டி, கடைசிப் பக்கம் தெரியும்படி பிரிட்ஜின் கதவில் மாட்டிவிட்டாள். அதற்குப் பிறகு என்னிடம் "சாப்பிட வாங்கோ", "திறப்பை எடுத்தாச்சோ" என்பதைத் தவிர வேறு ஒன்றும் கதைக்கவில்லை. பதினொரு வருடமாகக் கேட்காத ஒரு கேள்வி இப்போது அவளுக்குள்ளும் இருக்கிறது. பால் எடுக்கப் பிரிட்ஜைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மணிக்கூடு என் முகத்துக்கு நேரே வந்து நிற்கிறது.

நடந்ததைக் கேள். நீயும் அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தீர்கள். நானும் ராசனும் புறப்பட்ட அன்று அம்மா அவனுடைய கையைப் பிடித்து என் கையில் வைத்தாள். "இவன் விளையாட்டுப் பெடியன். உங்களை நம்பித்தான் விடுறன்," என்றாள். அவனுக்கு இருபத்திரண்டு வயது, இப்போது உனக்கு இருப்பதைவிட ஒரு வயது கூட. ஜெர்மனிக்கு வந்து, அங்கே இரண்டு கிழமை ஒரு வீட்டில் கிடந்து, பிறகு ஏஜென்சிக்காரப் பெடியன் ஒருவன் எங்களை வான் வண்டியில் ஏற்றி எல்லை தாண்டிக் கொண்டுவந்தான். பெரிய நிலையங்களில் சோதனை அதிகம் என்று அந்தச் சின்ன நிலையத்துக்குக் கிட்ட இறக்கிவிட்டான். போகும்போது படித்துப் படித்துச் சொன்னான். "நாலு இருபதுக்கு வாற ட்ரெயினிலை ஏறவேணும். நாலேகாலுக்கு வாறது மற்றப் பக்கம் போறது, மாறி ஏறினியளோ திரும்பவும் எல்லைதான். ஸ்ரேசனுக்குள்ளை ஆளையாள் தெரியாதமாதிரி நிக்கவேணும். ஒராள் பிடிபட்டால் மற்றாள் திரும்பியும் பாக்கக் கூடாது."

ராசன் மூன்றாம் வகுப்புக்காரரின் பழைய அறைக்குள் போய், மணிக்கூட்டுக்கு நேர் எதிரே கிடந்த மர வாங்கில் குந்தியிருந்தான். அவன் கையில் கட்டியிருந்த மணிக்கூடு ஜெர்மனியில் களவு போய்விட்டது. என் கையில் உன் அம்மாவின் தகப்பன் கலியாணத்துக்குப் போட்டுவிட்ட மணிக்கூடு இருந்தது. நான் மேடையின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நின்றேன். நிலையத்துக்குள் வரும்போதே வெளிச்சுவர் மணிக்கூட்டையும் என் கையையும் பார்த்திருந்தேன், இரண்டும் ஒன்று. பிறகு நடப்பதுபோல நடந்து, யன்னலால் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது ஐந்து நிமிடம் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. அப்போது நாலு மணிகூட ஆகவில்லை. மகன், எனக்குத் தெரியும். அந்த மணிக்கூடு என்னை ஏமாற்றவே இல்லை.

போகிற போக்கில் அவன் காதில் ஒரு சொல் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் இரண்டு பொலிஸ்காரர் வந்து அந்த அறையின் வாசலில் நின்று, ரிக்கற் கொடுப்பவரோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தொட்டியடிக்கே திரும்பிப் போனேன். நாலேகால் ரயில் அன்றைக்கு வரவில்லை. ஏன் என்று இன்றுவரைக்கும் தெரியாது. நாலு இருபதுக்கு எங்களுடைய ரயில் வந்தது, இரண்டே பெட்டி. ராசன் பார்த்துக்கொண்டிருந்த சுவர் மணிக்கூட்டில் அப்போது நாலேகால். மாறி ஏறக்கூடாது என்று சொன்ன ரயில் இதுதான் என்று அவன் அசையாமல் இருந்தான். சொன்ன சொல்லைக் கேட்டு, ஒழுங்காக, நல்ல பிள்ளையாக இருந்தான். இந்தப் பிழையைச் செய்ததற்குத்தான் நாங்கள் பதினொரு வருடம் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

ரயில் இரண்டு நிமிடம் நின்றது. நான் ஒருமுறை இருமியிருந்தாலே காணும். அறை யன்னலடியில் சும்மா ஒருமுறை நடந்திருந்தாலும் அவன் எழும்பி வந்திருப்பான். நான் நேரே போய் ஏறினேன். பயம், மகன். அதற்கு வேறு பெயர் வைக்க நான் எத்தனையோ தரம் முயன்றிருக்கிறேன், ஒன்றும் பொருந்தவில்லை. இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தப் பொலிஸ்காரருக்கு இவன் ஒருவன் அகப்பட்டால் ரயிலுக்குள் ஏறிப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. வந்து போன நினைப்புத்தான். ஆனால் வந்தது.

நான் ஏறுவதை அவன் யன்னலால் கண்டுவிட்டான். அறைக்குள் இருந்து ஓடி வந்தான். "அத்தான்!" என்று ஒருமுறை கூப்பிட்டான். வாசலில் நின்ற பொலிஸ்காரரில் ஒருவன் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டான். மற்றவன், இவன் யாரைக் கூப்பிடுகிறான் என்று ரயில் பெட்டியை யன்னல் யன்னலாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அப்போது ராசன் வாயை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். அங்கே எவரும் இல்லை. பொலிஸ்காரனும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தான். கதவு மூடியது, ரயில் வெளிக்கிட்டது. நான் கனடாவுக்கு வந்து சேர்ந்தது அந்தத் திரும்பிய முகத்தால்தான்.

இன்றைக்குப் புதன்கிழமை. நேற்று அந்த இடத்தோடு பேனையை மூடிவிட்டேன், அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. இங்கே வந்து சேர்ந்ததும் அம்மாவுக்கு முதல் கடிதம் எழுதினேன். உன் தம்பி பிந்தி ஓடிய மணிக்கூட்டை நம்பிக்கொண்டு இருந்துவிட்டான் என்று எழுதினேன். ஒவ்வொரு சொல்லும் உண்மை. பொய் எழுதியிருந்தால் என்றைக்கோ பிடிபட்டிருப்பேன். அம்மா அதைக் கேட்டு அவனுக்கு எழுத, அவனும் "ஓம் அக்கா, மணிக்கூடு பிழை" என்று பதில் போட்டான். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை. அவன் தானாகவே என் கதைக்குள் வந்து இருந்துகொண்டான். பிறகு நீங்கள் வந்தீர்கள், வீடு வாங்கினோம், சனம் வந்து போனது. ராசனைப் பற்றி எவரும் ஆழமாகக் கேட்கத் தொடங்கினால் நான் பகிடியைத் தொடங்கிவிடுவேன். போனிலும் அவனிடமே "என்ன ராசன், இப்ப உங்கை சரியா என்ன நேரம்?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். அவனும் சிரிப்பான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். சிரித்துக்கொண்டு பரிமாறினால் மறைக்கலாம், நான் செய்து காட்டியிருக்கிறேன்.

அவனுக்கு இங்கே ஒரு சம்பந்தம் பேசியபோது, பெண் வீட்டார் "நேரம் பாக்கத் தெரியாத மாப்பிள்ளையோ" என்று கேட்டுச் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். அது சரிவரவில்லை. வேறு காரணமும் இருந்திருக்கலாம், நான் விசாரிக்கப் போகவில்லை. அம்மா தம்பியைப் பார்க்கப் பாரிசுக்குப் போகவேண்டும் என்று வெளிக்கிட்ட மூன்று முறையும் மறித்ததும் நான்தான். ஒருமுறை கூரை ஒழுகியது, ஒருமுறை எனக்கு முதுகு நோவு, ஒருமுறை உனக்குப் பள்ளிக்கூடச் சோதனை என்றேன். உனக்கு அந்த வருடம் சோதனையே இல்லை. அவர்கள் இருவரும் நேரில் சந்தித்தால் கதை உடைந்துவிடும் என்ற பயத்தில் ஒரு அக்காவையும் தம்பியையும் பதினொரு வருடம் பிரித்து வைத்திருக்கிறேன். ரயிலடியில் நடந்தது இரண்டு நிமிடப் பிழை. இது அப்படி இல்லை, யோசித்து யோசித்துச் செய்தது.

பிள்ளைகள் பிந்தி வந்தால் பஸ்ஸை மறித்து வைத்திருக்கிறேன் என்று கந்தோரில் எனக்கு இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் தந்ததை நீ பகிடி பண்ணுவாய். ஒரு பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் ஓடி வருவது கண்ணாடியில் தெரிந்தால் என்னால் கதவை மூட முடியாது. அதை நல்ல குணம் என்று நினைக்காதே, அது வேறு. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நீ நினைக்கலாம். தகுதி இல்லாதவனும் கண்டதைச் சொல்லலாம்தானே. ஒரு வீட்டில் ஒரு மனிதனைப் பற்றி எல்லோரும் சிரிக்கிற கதை ஒன்று இருந்தால், அதை முதலில் சொன்னவன் யார், அவன் அப்போது எங்கே நின்றான் என்று பார். ஞாயிற்றுக்கிழமை நீ அதைத்தான் செய்தாய். நாளைக்கு உனக்கு மனைவி வருவாள், அவளுக்கும் ஒரு தம்பி இருப்பான். அவள் கையில் தருகிறதை வாங்கும்போது, உன் கை எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து வாங்கு.

நீ முதல் ஒரு கிழமை மாமா வீட்டில் நிற்கப் போகிறாய். ரெஸ்ரோரண்ட் குசினியில் லீவு எடுத்து அவனே உன்னை அந்த நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறான். நீ போகவே கூடாது என்று போன மாதம் நான் சத்தம் போட்டது அதற்காகத்தான். அந்த அறையில் வைத்து நீ அவனிடம் இதே கேள்வியைக் கேட்பாய். அவன் எனக்காக இன்னொரு பொய் சொல்வான். உன் அப்பா எங்கேயோ வெளியில் நின்றவர், தற்செயலாக ஏறிவிட்டார் என்று ஏதாவது சொல்லுவான். முன்கூட்டியே யோசித்தும் வைத்திருப்பான். அந்த வேலையை அவன் தலையில் இன்னொரு முறை வைக்க எனக்கு விருப்பம் இல்லை. அந்த மணிக்கூட்டைத் திருத்திச் சரியான நேரத்துக்கு விடுவதா, பழையபடி பிந்தி ஓடவிடுவதா என்று உங்களுக்குள் விவாதம் என்றாயே, என் எண்ணத்தைக் கேட்டால், பிந்தியே ஓடட்டும். அது அந்த ஊரின் சொத்து, அதில் கைவைக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அதற்குக் கீழே, வெளியே இருப்பதுதான் சரியான நேரம் என்று ஒரு பலகை வையுங்கள். ஊர்க்காரருக்கு அது தேவையில்லை. அந்த வாங்கில் இருந்து அதை நம்பிப் பார்க்கிறவன் எப்போதும் வெளியூரான்தான்.

வியாழக்கிழமை. இந்தக் கடிதத்தை உனக்குத் தந்துவிட்டு அம்மாவுக்குச் சொல்லாமல் இருந்தால், நான் திரும்பவும் அதே ரயிலில் ஏறியவன் ஆவேன் என்று காலையில் விளங்கியது. பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன். நீ சாமான் வாங்க வெளியே போயிருந்தாய். அம்மா குசினியில் நின்று, தம்பிக்குக் கொடுத்துவிட மிளகாய்த்தூளைப் பைகளில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். நான் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னேன், தொட்டி, இரண்டு நிமிடம், அந்த நினைப்பு, எல்லாம். அவள் என்னைப் பார்க்கவில்லை. கட்டிக்கொண்டிருந்த முடிச்சைக் கட்டி முடித்தாள். பிறகு கேட்டாள்.

"அவன் கூப்பிட்டவனோ?"

"ஓம்."

"என்னெண்டு?"

"அத்தான் எண்டு. ஒருக்காத்தான்."

அவள் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போய் போனை எடுத்தாள். அங்கே பின்னேரம், அவன் இரவு வேலைக்குப் போக முன் வீட்டில் இருக்கிற நேரம். "தம்பி, இவர் எல்லாம் சொல்லிப்போட்டார்," என்றாள். பிறகு அவளுடைய குரல் உடைந்தது. "நீ ஏன்ரா எனக்குச் சொல்லேல்லை? பதினொரு வருசம் நானும் சேர்ந்தெல்லோ சிரிச்சனான்." அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது. அவள் கேட்டுக்கொண்டே நின்றாள், கண்ணைத் துடைக்கவும் இல்லை. கடைசியில் சுவரைப் பார்த்தபடி போனை என் பக்கம் நீட்டினாள். "கதையுங்கோ," என்றாள்.

வாங்கிக் காதில் வைத்தேன். அந்தப் பக்கத்தில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அவன், "அத்தான்," என்றான். இத்தனை வருடமும் போனில் எத்தனையோ தரம் அப்படிக் கூப்பிட்டிருக்கிறான். இது அது இல்லை. இது மேடையில் கேட்ட குரல்.

"ஓம் ராசன்," என்றேன். "இஞ்சைதான் நிக்கிறன்."

அம்மா இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, எப்போது கதைப்பாள் என்றும் தெரியாது. இலையுதிர் காலத்தில் பாரிசுக்கு ரிக்கற் எடுக்கப் போகிறாள், தனியாகத்தான் போவாள். மிளகாய்த்தூள் உடுப்புகளுக்கு நடுவில் இருக்கிறது, பை உடையாமல் கொண்டுபோ. மாமா விமானநிலையத்துக்கு வருவான். அவனைக் கண்டதும் மாமா என்று மட்டும் கூப்பிடு.

அப்பா